மூன்று ஞாயிறு ஓலை



கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு 'ஓலை வாசிப்பது' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நிச்சயமானதும், அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் ஊரறிய அறிவிப்பார். தாளில் எழுதி வாசித்தாலும் அதற்குப் பெயர் ஓலைதான். என் அக்காவுக்கு முதல் ஓலை வாசித்த அன்று அவள் பூசைக்கு வரவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பூசை முடிந்து வருகிறவர்களையெல்லாம் "வாசிச்சாங்களா, வாசிச்சாங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று மாலை நான் பேச வந்திருப்பது 1408ஆம் ஆண்டில் வாசிக்கப்பட்ட ஓர் ஓலையைப் பற்றி. இடம், கிரீன்லாந்தின் தென்பகுதி. மணமகன் தோர்ஸ்டைன் ஓலாஃப்சன். மணமகள் சிக்ரிட் பியோர்ன்ஸ்தோத்திர். அந்த ஆண்டு செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, ஹ்வால்சே என்ற கடற்கரையில் இருந்த கல் ஆலயத்தில் அவர்களுக்குத் திருமணம் மந்திரித்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கிரீன்லாந்தில் குடியிருந்த நார்ஸ் மக்களைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் கடைசிச் செய்தி, அந்தக் கல்யாணத்தையும் மாப்பிள்ளை வந்த கப்பலையும் பற்றியதுதான். அதன் பிறகு அந்த மக்களிடமிருந்து ஒரு கடிதம் இல்லை, ஒரு ரசீது இல்லை. ஆலயத்தின் நான்கு சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரை ஒழுங்கான கரை அன்று. மலைகளுக்கு நடுவே கடல் கைகைகளாகப் புகுந்து பல மைல் உள்ளே நீண்டு கிடக்கும். அவர்கள் ஃபியோர்டு என்கிறார்கள். நாம் கழி என்றால் பாதி புரியும், ஆனால் இரண்டு பக்கமும் மலை என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு கழியின் உட்கோடியில், தண்ணீரை நோக்கி இறங்கும் புல்சரிவில் ஆலயம் நிற்கிறது. பின்னால் மொட்டைப் பாறை மலை. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் ககோர்தோக். கிரீன்லாந்தில் ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் சேர்க்கும் சாலைகள் கிடையாது. அதனால் இன்றைக்கும் படகில்தான் போக வேண்டும். தண்ணீரில் பனிப்பாறைகள் மிதந்துகொண்டிருக்கும். ஹ்வால்சே என்றால் அவர்கள் மொழியில் திமிங்கிலத் தீவு. கழி வாயில் கிடக்கும் ஒரு தீவின் பெயர் அது. அந்தப் பெயரே கழிக்கும் ஆலயத்துக்கும் வந்தது.

அந்தத் தீவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட குடியேற்ற நூலில், 'லாண்ட்நாமா'வில், வருகிறது. செம்முடி எரிக் என்பவன் கொலைக் குற்றத்துக்காக ஐஸ்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, மேற்கே போய் இந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி, பசுமை நாடு என்று பெயர் வைத்து ஆள் சேர்த்தான். 985 அல்லது 986இல் 25 கப்பல்கள் புறப்பட்டன. 14 மட்டுமே வந்து சேர்ந்தன. வந்தவர்களில் எரிக்கின் உறவினன் தோர்கெல் என்பவன் இந்த ஹ்வால்சே கழியைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் எரிக் விருந்துக்கு வந்துவிட்டான். வீட்டில் கறி இல்லை. ஆடு தீவில் மேய்கிறது. போய்வரத் தகுந்த படகும் அன்றைக்குக் கரையில் இல்லை. தோர்கெல் கடலில் குதித்து நீந்திப் போய், ஒரு கிழட்டுக் கடாவை முதுகில் சுமந்து நீந்திக்கொண்டே கொண்டுவந்து விருந்து வைத்தானாம். இறந்த பிறகு அவனை வீட்டு வயலிலேயே புதைத்தார்கள், அவன் அங்கேயே நடமாடிக்கொண்டிருந்தான் என்று நூல் முடிக்கிறது. நீந்திய கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரனை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்ற பதற்றம் மட்டும் மெய் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஆலயத்துக்கு வருவோம். நீளம் சுமார் 16 மீட்டர், அகலம் சுமார் 8 மீட்டர். நம் கடற்கரைச் சிற்றூர்களில் இருக்கும் குருசடியைவிடப் பெரிது, பங்குக் கோயிலைவிடச் சிறிது. சுவரின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கட்டியது 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்று கருதுகிறார்கள். அதே பண்ணையில் வீடுகளும் தொழுவங்களும் விருந்துக்கூடமும் கல்லால் கட்டப்பட்டவைதாம். ஆனால் அங்கெல்லாம் கல்லை வெறுமனே அடுக்கி, இடைவெளியில் புல்கரணை வைத்திருக்கிறார்கள். ஆலயத்துக்கு மட்டும் பாறைக் கற்களைத் தேர்ந்து, முகம் பார்த்து, சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சில கற்கள் நான்கைந்து டன் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாந்தில் கடற்சிப்பி ஓடுகளை நொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய வீடுகளில் பிறந்த நமக்கு அந்தச் சுவர் அத்தனை அந்நியமாகத் தெரியாது.

சாளரங்கள் வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் விரிகின்றன. பனிக்காற்று நுழையும் வழி சிறிது. நுழைந்த வெளிச்சம் பரவும் வழி பெரிது. ஐஸ்லாந்து ஆலயங்களில் இந்த முறை இல்லை. பிரிட்டன் தீவுகளின் பழைய ஆலயங்களில் உண்டு. கட்டிய கொத்தனாருடைய கையோ, அவருக்குச் சொல்லிக் கொடுத்தவருடைய கையோ அந்தப் பக்கத்துப் பழக்கத்தை அறிந்திருக்கிறது. கிழக்குச் சுவரில், பீடத்துக்கு மேலே, வளைவு வைத்த ஒரு பெரிய சாளரம். காலைப் பூசையில் அதன் வழியாகத்தான் வெளிச்சம் விழுந்திருக்கும். கூரை மரத்தால் ஆனது, அது போய்விட்டது. மரமே இல்லாத நாட்டில் கூரைக்கு மரம் ஏது என்று கேட்பீர்கள். கடல் ஒதுக்கும் மரங்களைப் பொறுக்கினார்கள். நார்வேக் கப்பலில் வரவழைத்தார்கள். மேற்கே மார்க்லாண்ட் என்று அவர்கள் அழைத்த வட அமெரிக்கக் கரைக்கும் போனார்கள். 1347இல்கூட மார்க்லாண்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு கிரீன்லாந்துக் கப்பல் திசை தப்பி ஐஸ்லாந்தில் ஒதுங்கியது என்று அந்நாட்டு ஆண்டுக் குறிப்பேடு சொல்கிறது. கொலம்பஸ் பிறக்க நூறு ஆண்டு இருக்கும்போது அது.

அந்தச் சாந்துச் சுவரை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுவது இதுதான்: அந்த மக்களுக்கு நேரம் குறைவு. கோடை சிறியது. அந்தச் சில வாரங்களுக்குள் புல் அறுத்து, காய வைத்து, தொழுவத்தில் நிரப்ப வேண்டும். தவறினால் நீண்ட குளிர்காலத்தில் மாடு சாகும், மாடு செத்தால் மனிதரும் பசியில் கிடப்பர். அதே கோடையில்தான் ஆட்கள் வடக்கே டிஸ்கோ விரிகுடாப் பக்கம் படகு வலித்துப் போய் வால்ரஸ் வேட்டையாட வேண்டும். கடற்பசு போல உடம்பும் யானை போல இரண்டு தந்தமும் கொண்ட விலங்கு அது. தந்தம் இருந்தால்தான் இரும்பும் மரமும் வாங்க முடியும். இத்தனைக்கும் இடையில், வீடு கட்டச் செலவழிக்காத உழைப்பை ஆலயத்துக்குச் செலவழித்திருக்கிறார்கள். சில வரலாற்றாசிரியர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள்: மாறும் காலத்துக்கு ஏற்ப மாறாமல் ஐரோப்பியப் பகட்டைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கல்லுக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று நம்மைவிட அதைத் தூக்கியவர்களுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தூக்கினார்கள்.

வால்ரஸ் தந்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலயத்தின் பின்னால் அதுதான் நிற்கிறது. 1120களில் கிரீன்லாந்துக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் ஆயர் வேண்டும் என்று நார்வே மன்னரிடம் ஆள் அனுப்பினார்கள். வெறுங்கையோடு போகவில்லை; தந்தங்களும், உயிருள்ள ஒரு பனிக்கரடியும் காணிக்கையாகப் போயின. 1124இல் ஆர்னால்டு என்பவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஹ்வால்சேயிலிருந்து அதிக தூரமில்லாத கார்தாரில் ஆயர் இல்லம் எழுந்தது. திருச்சபைக்கான பத்தில் ஒரு பங்கும் தந்தமாகவே போனது. 2018இல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய வால்ரஸ் எலும்புகளின் மரபணுவைச் சோதித்தபோது, 12ஆம் நூற்றாண்டு முதல் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த தந்தத்தில் மிகப் பெரும்பகுதி கிரீன்லாந்துப் பக்கத்தது என்று தெரிந்தது. பெருங்கோயில்களில் முத்தமிடப்பட்ட சிலுவைகளில் எத்தனையோ, இந்தக் கழிகளிலிருந்து படகு வலித்துப் போனவர்களின் கைவழியாக வந்தவை.

பிறகு யானைத் தந்தம் ஐரோப்பாவுக்குத் தாராளமாக வரத் தொடங்கியது. 1349இல் கொள்ளைநோய் நார்வேயை உலுக்கியது. அரசர் அனுப்பும் கிரீன்லாந்துக் கப்பல் வருவது அரிதாகி, நின்றே போயிற்று. 1378இல் கார்தார் ஆயர் ஆல்ஃப் இறந்தார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்குப் பெயர்கள் குறிக்கப்பட்டன. ஒருவரும் அங்கே வந்து தங்கவில்லை. நார்ஸ் மக்களுக்கு வடக்கே இருந்த இன்னொரு குடியிருப்பான மேற்குக் குடியிருப்பு 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆளின்றிப் போயிருந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1406இல் நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் மூடுபனியிலும் காற்றிலும் வழி தப்பிக் கிரீன்லாந்து வந்து சேர்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள், வசதியான குடும்பத்தார். நான்கு ஆண்டு அங்கே தங்கினார்கள்.

அந்த நான்கு ஆண்டில் நடந்ததாக இரண்டு செய்திகள் எழுத்தில் உள்ளன. ஒன்று கொடுமையானது. கப்பலில் வந்த தோர்கிரிம் என்பவரின் மனைவி ஸ்டைனுன். அவளை மந்திர வேலையால் மயக்கி வசப்படுத்தினான் என்று கொல்கிரிம் என்பவன் மேல் குற்றம் சாட்டி, 1407இல் தீர்ப்புச் சொல்லி, அவனை உயிரோடு எரித்தார்கள். அதன் பிறகு அவளுக்குச் சித்தம் தெளியவில்லை, சீக்கிரமே இறந்துபோனாள். குறிப்பேட்டில் இதற்குச் சில வரிதான். அந்தப் பெண்ணின் மனம் எதனால் கலங்கியது என்று எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசிக்கிறேன். அவளுக்கு அவன் மேல் விருப்பம் இருந்ததோ இல்லையோ, ஒரு மனிதன் தன்னைக் காரணமாக வைத்து நெருப்பில் வெந்ததை அவள் அறிந்தாள். அதற்கு மேல் அவள் எப்படிச் சித்தத்தோடு இருப்பாள்?

இரண்டாவது செய்தி, அடுத்த ஆண்டு நடந்த கல்யாணம். மாப்பிள்ளை தோர்ஸ்டைன் அதே கப்பலில் வந்தவர். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல எவரும் வரவில்லை. திருச்சிலுவைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அன்று, வெளியூராரும் உள்ளூராருமாகப் பலர் கூடியிருக்க, மணப் பூசை நடந்தது. அடுத்த ஆண்டு 1409 ஏப்ரல் 19 அன்று கார்தாரிலிருந்து குருவானவர் எய்ன்ட்ரிடி ஆண்ட்ரேசன், குருவானவர் பால் ஹால்வார்ட்சன் இருவரும், ஓலை வாசித்ததும் மணம் நடந்ததும் உண்மை என்று மடல் எழுதிக் கொடுத்தார்கள். 1410இல் கப்பல் கிளம்பிவிட்டது.

ஆயர் இல்லாமல் முப்பது ஆண்டு. அரசர் கப்பல் இல்லை. ஆனாலும் ஓலை மூன்று முறை வாசிக்கப்படுகிறது, ஒரு முறை வாசித்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. நாள் பார்த்துத் திருநாளை ஒட்டி மணம் வைக்கிறார்கள். சான்று மடல் எழுதத் தோலும் மையும் தெரிந்த கையும் இருக்கின்றன. இடிந்து, பசித்து, தத்தளிக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டு அந்த மடலைப் படிப்பவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஒழுங்காக நடந்த ஒரு பங்குக் கோயிலின் காகிதம் அது.

மடல் ஏன் பிழைத்தது என்பதும் முக்கியம். கிரீன்லாந்தின் கதையைப் பின்வருவோருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் அதைக் காப்பாற்றவில்லை. தோர்ஸ்டைனும் சிக்ரிட்டும் பிறகு வட ஐஸ்லாந்தில் ஆக்ரர் என்ற பெரிய பண்ணையில் குடியிருந்தார்கள். 1402 முதல் 1404 வரை கொள்ளைநோய் ஐஸ்லாந்தைச் சூறையாடியிருந்தது. குடும்பம் குடும்பமாகச் செத்து, சொத்துகள் தூரத்து உறவினர் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில், எங்கோ கண்காணாத கரையில் நடந்த கல்யாணம் செல்லுமா என்ற கேள்விக்கு வலு உண்டு. கார்தார் மடல் போதாது என்று 1414இல் பிராண்ட், தோர்ட், தோர்பியோர்ன், யோன் என்று நான்கு பேர், கல்யாணத்தில் தாங்கள் இருந்ததாகச் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள்.

என் பெரியம்மாவுக்கு இப்படி ஒன்று நடந்தது. பெரியப்பா இறந்த பிறகு, கல்யாணத்துக்கு ஆதாரம் கொண்டுவா என்று ஓர் அலுவலகத்தில் அலைய விட்டார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. கடைசியில் அவர் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறிய இரண்டு கிழவர்களை அழைத்துப்போய்க் கைநாட்டு வைக்க வைத்தோம். 1414ஆம் ஆண்டின் அந்த நாலு பெயர்களை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தக் கிழவர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள்.

ஆக, 'கடைசி' என்ற சொல் நாம் வைத்தது. ஹ்வால்சேயில் கூடியிருந்த எவருக்கும் அது கடைசிக் கல்யாணம் அல்ல. அதற்குப் பிறகும் அங்கே ஓலை வாசித்திருப்பார்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். எழுதியது எதுவும் கப்பலேறி வெளியே வரவில்லை, அவ்வளவுதான். தெற்கே ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ் என்ற இடத்துக் கல்லறைத் தோட்டத்தை 1921இல் டேனிஷ் தொல்லியலாளர் பால் நோர்லண்ட் தோண்டினார். உறைந்த மண்ணில் கம்பளி அங்கிகள், முக்காடுகள், காலுறைகள் கெடாமல் இருந்தன. அன்றைய ஐரோப்பிய உடைப் பாங்கிலேயே, உள்ளூர்க் கம்பளியில், நுணுக்கமாக நெய்து வெட்டித் தைத்தவை. அவற்றில் சில, காலக் கணிப்பில் அந்தக் கல்யாணத்துக்குப் பிந்தியவையாகவும் இருக்கலாம். அங்கே கிடைத்த ஒரு பெட்டியில் உடல் இல்லை. ஒரு குச்சி மட்டும் இருந்தது. அதில் ரூன் எழுத்தில், குட்வெய்க் என்னும் பெண் கிரீன்லாந்துக் கடலில் இறக்கப்பட்டாள் என்ற செய்தி. கடலில் இறந்தவளுக்கும் புனித மண்ணில் ஓர் இடம் வேண்டும் என்று அவள் பெயரைச் செதுக்கிப் புதைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை கட்டும் வழக்கம் நம் மீனவ ஊர்களிலும் உண்டு என்பதை இங்கே இருப்பவர்களில் சிலர் அறிவீர்கள்.

15ஆம் நூற்றாண்டின் நடுவை ஒட்டி அந்த மக்கள் அங்கே இல்லாமல் போனார்கள். ஏன்? குளிர் கூடியது உண்மை. எலும்புகளைச் சோதித்துப் பார்த்ததில், தொடக்கத்தில் உணவில் ஐந்தில் ஒரு பங்குதான் கடலிலிருந்து வந்தது, கடைசியில் ஐந்தில் நாலு பங்கு வரை போனது என்று தெரிகிறது. மாடு வளர்த்தவர்கள் சீல் வேட்டைக்காரர்களாக மாறியிருக்கிறார்கள். மாறவே தெரியாத பிடிவாதக்காரர்கள் என்ற குற்றச்சாட்டு இந்த எலும்புகள் முன் நிற்காது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது. குளிர் கூடியபோது உள்நாட்டுப் பனிமலை பெருத்தது; பெருத்த பனி தன் எடையால் தரையை அழுத்தியது, தன் ஈர்ப்பால் கடலையும் பக்கத்தில் இழுத்தது; அதனால் இந்தக் கரையில் கடல்மட்டம் மூன்று மீட்டர் வரை ஏறியிருக்கிறது. உலகமே குளிரும்போது கடல் ஏறியது அங்கே. தண்ணீரோரத்துப் புல்வெளிதான் அவர்களுடைய நல்ல நிலம்; அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் எடுத்துக்கொண்டது. தந்தத்துக்கு விலை இல்லை, கப்பல் இல்லை, புல் குறைகிறது. இளையவர்கள் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் ஒவ்வொருவராகக் கிளம்பியிருக்கலாம் என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. சிக்ரிட் போனது போல.

கிரீன்லாந்தின் இன்னுயிட் மக்கள் வேறு கதை சொல்கிறார்கள். ஹ்வால்சேயில் உங்கோர்தோக் என்ற நார்ஸ் தலைவன் இருந்தான். ஒரு கொலைக்குப் பழி தீர்க்க, தோல்படகை வெள்ளையாக மூடிப் பனிப்பாறை போல மிதந்து வந்து அவன் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள் என்று. காங்கெக் ஊரைச் சேர்ந்த ஆரோன் என்ற இன்னுயிட் ஓவியர் 19ஆம் நூற்றாண்டில் இதைப் படமாக வரைந்திருக்கிறார். ஆலயத்தில் தீயின் தடயம் இல்லை. ஆனால் இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம் அதற்கு ஒரு கதை வைத்திருந்தது என்பதை நான் மதிக்கிறேன். அந்த இடத்தை அவர்கள் ககோர்துகுலோக் என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் வெண்மை இருக்கிறது. சுவர் ஒரு காலத்தில் வெள்ளை பூசியிருந்ததன் நினைவு அது என்று சிலர் சொல்கிறார்கள்.

இங்கேதான் நம் கரைக்கும் ஓர் இழை வருகிறது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த போதகர் சீகன்பால்கை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். 1714இல் கோபன்ஹேகனில் அந்த மிஷன் பணிகளுக்காக ஓர் ஆட்சிக் குழுவை ஏற்படுத்தினார். அதே அரசரின் ஆதரவில்தான் ஹான்ஸ் எகெடே என்ற நார்வேப் போதகர் 1721இல் மனைவி மக்களோடு கிரீன்லாந்தில் இறங்கினார். பழைய நார்ஸ் மக்கள் இன்னும் உயிரோடு இருப்பார்கள், முந்நூறு ஆண்டாக யாரும் எட்டிப் பார்க்காத அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஏக்கம். 1723இல் படகில் தெற்கே வந்து, இந்த ஹ்வால்சே ஆலயத்துக்குள் நின்றார். அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு இருந்த 'கிழக்குக் குடியிருப்பு' என்ற பெயரை நம்பி, அந்த மக்கள் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் இருப்பதாக அன்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார். உண்மையில் அந்தக் குடியிருப்பு இதே தென்மேற்குக் கழிகள்தாம். தான் தேடி வந்தவர்களின் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, அவர்கள் இன்னும் அப்பால் இருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. எகெடேயின் மகன் பால் மொழிபெயர்த்த கிரீன்லாந்துப் புதிய ஏற்பாடு 1766இல் வந்தது. தரங்கம்பாடிக் கடற்கரையில் அலை தின்றுகொண்டிருந்த மாசிலாமணிநாதர் கோயிலும், ஹ்வால்சே ஆலயமும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் எழுந்த கட்டடங்கள். ஒரே அரசரின் ஆட்கள் இரண்டின் முன்னாலும் நின்றிருக்கிறார்கள்.

இன்று அந்தப் புல்சரிவில் ஆடு மேய்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கிரீன்லாந்தில் ஆட்டுப் பண்ணைகள் மீண்டும் தொடங்கின. நடத்துகிறவர்கள் இன்னுயிட் குடும்பத்தார். எரிக்கின் பழைய பண்ணை இருந்த இடத்தில் 1924இல் ஓர் இன்னுயிட் குடும்பம் பட்டி போட்டது. 2017இல் யுனெஸ்கோ 'குயாதா' என்ற பெயரில் ஐந்து பகுதிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, நார்ஸ் உழவர், இன்னுயிட் உழவர் இருவரையும் சேர்த்தே அறிவித்தது. ஹ்வால்சே அந்த ஐந்தில் ஒன்று. சுவர் சாய்ந்து விழாமலிருக்கத் தாங்கு வேலைகள் செய்திருக்கிறார்கள். கூரை போடவில்லை. போடாததே சரி.

சாட்சிகளைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் பாக்கி. 1424இல், கல்யாணம் நடந்து பதினாறு ஆண்டு கழித்து, திரும்பவும் விசாரணை வந்தது. இந்த முறை சேமுண்ட் ஓட்சன் என்பவர் சாட்சி சொன்னார். மணப்பெண்ணின் உறவினர். கிரீன்லாந்தில் ஹ்வால்சே ஆலயத்தில் தான் இருந்ததாகவும், மற்றவர்களோடு கலந்து பேசிச் சம்மதித்துப் பெண்ணைக் கொடுத்தது தானே என்றும் உறுதி சொன்னார். அந்தச் சாட்சியத்தில் அங்கே குளிர் எப்படி இருந்தது, புல் விளைந்ததா, எத்தனை வீட்டில் புகை வந்தது என்று ஒரு சொல் இல்லை. பெண்ணைக் கொடுத்தவன் நான் என்பது மட்டும் இருக்கிறது.